முதலில் பூ, அப்புறம் மரம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எதையும் பிடிக்காமல் ஓடியாடி நன்றாக இருக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் வரி மேலே ஏறிக் கீழே சரிகிறது. மர மில்லில் கட்டையை அழுத்திப் பிடித்த கை பேனாவையும் அப்படியே பிடிக்கிறது, இரண்டு இடத்தில் தாள் கிழிந்துவிட்டது பார். என் முதல் கடிதத்தை அம்மா மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்துத் திருத்தினாள். அதற்கடுத்து எழுதியதை என்னையே வாசிக்கச் சொல்லி, எங்கே கால் விட்டுப்போச்சு, எங்கே கொம்பு விட்டுப்போச்சு என்று காதாலேயே கண்டுபிடித்துத் திருத்தினாள். அச்சகத்தில் அத்தனை வருடம் மெய்ப்புப் பார்த்தவள் அல்லவா. இந்தக் கடிதத்தை மட்டும் அவளிடம் வாசிக்கப் போவதில்லை. அவள் குளிக்கப் போகும்போதும் தூங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே இருக்கிறாள், மில் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகிய என் தொண்டைக்கு ரகசியம் பேச வராது.

சந்தோஷமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது தெருவில் இறங்கினால் எல்லாம் என்னோடு பேசுகிறது. பஸ் போர்டு பேசுகிறது, சலவைக்கடைப் பலகை பேசுகிறது, சுவரில் பாதி கிழிந்த நோட்டீஸ் பாதி பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. அம்மாவின் சொட்டு மருந்து அட்டையில் குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று இருப்பதை நானே படித்தேன். மருந்துக்கடை வாசலிலேயே நின்று சிரித்துவிட்டேன், கடைக்காரர் இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று எட்டிப்பார்த்தார். அப்புறம்தான் இந்த வயதில் நான் ஏன் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்பது ஞாபகம் வந்தது. உன் கடிதங்களை எனக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தவள் அவள். இனிமேல் நான் வாசித்தால்தான் அவளுக்கு உண்டு என்று ஆனபோதுதான் சிலேட்டை வாங்கி என் மடியில் வைத்தாள். எனக்குக் கிடைத்த இந்தச் சந்தோஷத்தை எந்த மூலையில் வைப்பது என்று தெரியவில்லை கண்ணு.

கண் டாக்டர் சொன்னதை உனக்கு முன்பே எழுதியிருந்தேன். நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, போன பார்வை போனதுதான், இருப்பதை இழுத்துப் பிடிக்கச் சொட்டு மருந்து விடலாம், அதுவும் ரொம்ப நாள் தாங்காது என்றார். ஓரமெல்லாம் போய் நடுவில் ஒரு வளையல் அளவுக்குத்தான் தெரிகிறது என்று அவள் சொன்னாள். மெய்ப்புப் பார்க்க அது போதுமே, ஒரு நேரத்தில் ஒரு எழுத்துதானே வேணும் என்று அவளே சிரித்துக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

பின்கட்டுத் தோட்டத்தில் காலியாகக் கிடக்கிற இடத்தில் பூ வைக்கிறீர்களா, மரம் வைக்கிறீர்களா, சண்டை முடிந்ததா என்று கேட்டிருந்தாய். நீ மரத்தின் பக்கம், நானும் மரத்தின் பக்கம்தான். வாதாங்கன்று ஒன்று வைத்தால் நான்கைந்து வருடத்தில் குடை போல விரிந்துவிடும், மத்தியான வெயில் அம்மாவின் அறைச் சுவரைச் சுடாது என்று நர்சரிக்காரர் சொன்னார். அவள் கேட்டதோ ஆற்றங்கரைக் காட்டுக்குள் பெரிய மரங்களின் அடியில் முளைக்குமே அந்தச் சின்ன வெள்ளைப் பூ. நீ வயிற்றில் இருந்தபோது அங்கே நடக்கப் போய்ப் பார்த்தது. ஐந்து இதழ், உள்ளே மெல்லிய ஊதாக் கோடு. அதன் பெயர் நர்சரிக்காரருக்கே தெரியவில்லை. அது காட்டுச் சரக்கு, நிழலிலேயே வளர்ந்தது, உங்கள் தோட்டத்து வெயிலில் கருகிவிடும், பிழைத்தாலும் பூத்து இரண்டு வாரத்தில் கொட்டிவிடும், மரம் உங்களுக்கு அப்புறமும் நிற்கும், இரண்டையும் ஒரு தராசில் வைக்காதீர்கள் என்றார். நானும் அதையேதான் இவளிடம் சொன்னேன். நீங்க மரத்தைப் படுத்த வாக்குல பார்த்தவர், அதுக்கு நிக்கத் தெரியும்கிறதே உங்களுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு என்று என்னை வாரினாள். அப்புறம் சொன்னாள்: "நிழல் கண்ணை மூடிக்கிட்டாலும் தெரியும், தோல்ல தெரியும். அதுக்கு என்ன அவசரம்? பூ அப்படி இல்லைங்க. முதல்ல பூ, அப்புறம் மரம்."

ஈரச் சாக்கும் சின்ன மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய், வேர் அசையாமல் மண்ணோடு தோண்டிக்கொண்டு வந்தேன். முழங்கால் இன்னும் வலிக்கிறது, அதை விடு. குளியலறைச் சுவரை ஒட்டி நட்டு, உன் பழைய பள்ளிக்கூடக் குடையை ஒரு கம்பில் கட்டி நிழல் கொடுத்தேன். வாடி விழுந்த இலை மெல்ல நிமிர்ந்தது. ஒரே ஒரு மொட்டு வந்தது. அம்மா தினமும் காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, விரல் நுனியால் அதைத் தொட்டுப்பார்த்துவிட்டு இன்னும் இல்லை என்பாள். தெரியுதா, தெரியுதா என்று நானும் விடாமல் கேட்பேன். அப்படிக் கேட்டே அவளை வதைத்திருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

போன வாரம் ஒருநாள் காலையில் நான் முன்னால் போய்ப் பார்த்தேன். நத்தை ஒன்று ராத்திரியில் வந்து மொட்டைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. வெறும் காம்பு நின்றது, சுவர் வரைக்கும் அது ஊர்ந்துபோன தடம் மினுங்கியது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் வாளியை வைத்துக்கொண்டு நின்றபோதே, அவள் சுவரைத் தடவிக்கொண்டு தானாக வந்துவிட்டாள். உட்கார்ந்தாள். தொட்டுப்பார்க்கவில்லை. "பூத்திடுச்சு, பார்த்தீங்களா? வெள்ளை வெளேர்னு இருக்கு. அந்த ஊதாக் கோடுகூட அப்படியே இருக்கு" என்றாள். அவள் முகம் பூச்செடியின் பக்கம் இல்லை கண்ணு, என் கையில் இருந்த வாளியின் பக்கம் இருந்தது. எத்தனை நாளாக அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லையோ, எத்தனை நாளாக என் மனசுக்காகத் தெரிகிற மாதிரி நடந்துகொண்டாளோ எனக்குத் தெரியாது. ஆமாம்மா, பூத்திடுச்சு, நல்ல பூ என்று நானும் சொன்னேன். இந்தத் தொண்டையிலிருந்து அவ்வளவு மெதுவாக ஒரு பேச்சு வந்தது அன்றைக்குத்தான். அவள் தலையை ஆட்டிவிட்டு, சரி, இனிமே மரத்தை வைங்க என்றாள்.

மறுநாளே வைத்துவிட்டேன். கன்றை அவள் நேராகப் பிடித்துக்கொண்டாள், நான் மண்ணைத் தள்ளினேன். எவ்வளவு உயரம் என்று கேட்டாள், அவள் கையை எடுத்து அவள் இடுப்பிலேயே வைத்துக் காட்டினேன். இப்போது மத்தியானத்தில் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உள்ளங்கையை நீட்டி நிழல் விழுகிறதா என்று பார்க்கிறாள். மூன்று இலைக்கு என்ன நிழல் விழும். ஆனாலும் விழுது விழுது என்கிறாள்.

டாக்டரிடம் திரும்பவும் கூட்டிப்போனேன், இதற்குமேல் சொட்டு மருந்து வேண்டாம் என்றுவிட்டார். நீ பதறிக்கொண்டு ஓடிவராதே, குட்டிக்கு லீவு விட்டதும் வா. வரும்போது அவளிடம் போய் தெரியுதாம்மா என்று மட்டும் கேட்டுவிடாதே. கண்ணுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டு வேலை செய், ராத்திரி விளக்கில் தைக்காதே, இது குடும்பத்தில் வரக்கூடியது என்று டாக்டர் சொல்கிறார், ஒருதரம் போய்க் காட்டிக்கொள். மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் எங்கள் ஆசீர்வாதம். யாருக்கும் ஒரு குறையும் வராமல் நீங்கள் நிறைவாக இருக்க வேண்டும்.

முக்கியமானது ஒன்று. இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. படித்தவர்கள் வேண்டாத வரியைத் தாண்டிவிட்டு வாசிப்பார்களாமே, எனக்கு அது இன்னும் வரவில்லை. தாளில் என்ன இருக்கிறதோ அது வாயில் வந்துவிடும், அவள் எதிரில்தான் உட்கார்ந்து கேட்பாள். அடுத்த வாரம் அவள் திருத்திய கடிதம் ஒன்று எழுதுகிறேன். அதில் பூ பூத்தது என்று இருக்கும். அதற்குப் பதில் எழுது, அம்மா பார்த்தாளாமே என்று சந்தோஷப்பட்டு, எழுத்தைப் பெரிது பெரிதாகப் போட்டு எழுது.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போடும்
உன் அப்பா