வெட்டி எடுத்த மூச்சு

மார்ச் 4, திங்கள்

தொழிலில் என்னைச் ‘சட்டம்’ என்பார்கள். மனைவியும் அப்படித்தான், வாசலில் யாராவது கேட்டால், “சட்டம் உள்ள இருக்கு” என்பாள். வயது ஐம்பது. மின்னொலிகளைக் கொண்டு இசையமைப்பவன். இக்குறிப்பைத் தொடங்குவதன் நோக்கம் ஒன்றே: கையில் உள்ள இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பது. காலையில் பாட்டு. பாடியவள் என் மைத்துனி. இத்தனை காலமும் பிறருக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடியவள். இசை நிறுவனம் ஏற்றுக்கொண்டால், அவள் பெயரில் வரும் முதல் பாட்டு இது. மாலையில் ஓர் ஓவியக்கூடத்துக்கான சோதனை இசை. அதில் மெட்டு இல்லை, தாளம் இல்லை, சொல் இல்லை. ஒன்றில் இடம்பெறும் ஒலியை மற்றொன்றில் பயன்படுத்துவதில்லை என்பது நான் நெடுங்காலமாகக் காத்துவரும் விதி.

சோர்வாக இருக்கிறது. மெட்டுக்கும் இரைச்சலுக்குமாகத் தினமும் வீடு மாறுவது போல.

மார்ச் 6, புதன்

பாட்டைச் சுத்தம் செய்தேன். வரிகளுக்கு நடுவே அவள் மூச்சு வாங்குவது பெரிதாகக் கேட்டது. ஒவ்வொன்றாக வெட்டினேன். வெட்டியதை எறிய மனம் வரவில்லை. மாலையில் அவற்றை நீட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். பெரிய அறை ஒன்று தானாகவே விழித்துக்கொள்வது போல ஒலித்தது. பல மாதங்களாக எனக்கு வாய்க்காத ஒன்று.

விதி மீறப்படவில்லை. வெட்டிய பின் அவை பாட்டில் இல்லையே.

மார்ச் 7

கண் எரிச்சல். வேறொன்றும் இல்லை.

மார்ச் 11, திங்கள்

மைத்துனி வந்து கேட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “யாரோ நல்லாப் பாடுற பொண்ணு மாதிரி இருக்கு அத்தான்” என்றாள்.

“நீதான் அது.”

“அப்படியா? அவகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். பாட்டை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

நிறுவனத் தயாரிப்பாளர் தொலைபேசியில்: “ஒரு தப்பும் இல்ல சார், அதான் பிரச்சினை. கேட்டா எனக்கு மூச்சு முட்டுது. இந்தக் குரல் சரிப்படல போல. சரி பண்ணி அனுப்பறீங்களான்னு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பார்க்கறேன். இல்லைன்னா வேற ஆளை வெச்சு எடுத்துடுவோம்.”

குரலில் குறை இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும். மூச்சுகளைப் பாட்டில் திரும்ப வைத்தால், விதிப்படி, கூடத்து இசையிலிருந்து எடுத்தாக வேண்டும். எடுத்தால் அதில் மிஞ்சுவது, அடியில் நான் சேர்த்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் மட்டுமே.

நாளை முடிவு செய்வேன்.

மார்ச் 15

முடிவு செய்யவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

கூடத்து இசையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டிருந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இவ எப்ப வந்தா?”

“யாரு?”

“என் தங்கச்சிதான். எங்க அவ?” கதவுக்குப் பின்னாலும் பார்த்தாள். பிறகு மெல்ல ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பினாள். “ஒரே போர்வைக்குள்ள படுத்து வளர்ந்தவங்க நாங்க. அவ மூச்சு எனக்குத் தெரியாதா?”

பல மடங்கு நீட்டியிருந்தேன். அப்படியும் அக்காவுக்குத் தெரிகிறது. பாட்டிலோ அவளுக்கே அவளைத் தெரியவில்லை.

நடந்ததைச் சொன்னேன். விதியையும் சொன்னேன்.

“அந்தச் சட்டத்தைப் போட்டது யாரு?”

“நான்தான்.”

“அப்ப எடுக்கறதுக்கு யார்கிட்ட மனு குடுக்கணும்?”

இது நான் செய்கிற வேலையா? அது அவள் பாட்டு, அவளுடையது.

மூச்சுகளை அவற்றின் இடத்தில் வைத்துப் பாட்டை மறுபடி அனுப்பினேன். கூடத்து இசையில் இருந்தவற்றையும் எடுக்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

தயாரிப்பாளரின் பதில்: “இப்ப உயிரோட இருக்கு சார். ஆனா வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருந்தேனே. நேத்தே வேற ஒருத்தரை வெச்சு எடுத்தாச்சு.”

கெடு தவறியவன் நான். நான்!

மார்ச் 19, செவ்வாய்

மைத்துனியின் வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டையும் கூடத்து இசையையும் கேட்கவைத்தேன்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன் அத்தான். குப்பைன்னு வெட்டிட்டு, அதை நீங்களே பொறுக்கி எடுத்துக்கிட்டீங்க பாருங்க...” அதோடு நிறுத்திக்கொண்டாள்.

உட்காரச் சொல்லவில்லை. சரிதான்.

மார்ச் 23, சனி

அவளாகவே வந்தாள். அக்காவிடம் சற்று நேரம் பேசிவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, ஒலிவாங்கியைப் பார்த்துப் பேசினாள்.

“பாட்டு போச்சு. பரவாயில்லைன்னு சொல்ல வரல, இன்னும் எரியுது. ஆனா உங்க அந்தச் சத்தத்துக்கு மேல எனக்கு ஒரு மெட்டு கேட்டுக்கிட்டே இருக்கு. பாடவா?”

“கூடத்துக்குச் செய்யறதுல மெட்டு வர்றது...” என்று தொடங்கினேன்.

“சட்டம் சார்.” அவள் அப்படி அழைப்பது இதுவே முதன்முறை. “என் பேரு முன்னாடி வரணும். நான் பாடினதுல நீங்க கை வைக்கக் கூடாது. இருமினா, இருமலும் இருக்கணும்.”

சரி என்றேன். உடம்பு அசதியாக இருந்தது. ஆனால் இது வேறு அசதி.

ஆகவே இங்கே பதிவு செய்கிறேன்: நாளை காலை ஓவியக்கூடத்துக்கு எழுதி, அவள் பெயரை முதலில் அச்சிடச் சொல்வேன். பிறகு ஒலிவாங்கியை இயக்கிவிட்டு, கணினித் திரையை அணைத்துவிட்டு, அவள் பாடி முடிக்கும்வரை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.