வளைவில் நின்ற பஸ்

செவ்வாய்க்கிழமை.

நெடிய ஆலோசனைக்குப் பின், பல்லடம் பஸ்ஸில் இனி இடப்பக்க ஜன்னலோரமே உட்காருவது என்று இன்று காலை தீர்மானித்தேன். பயணக் கட்டுரை எழுதுபவனுக்குக் காட்சி முக்கியம்.

எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிவிடும் பனியன் கம்பெனியில் செல்விக்கு வேலை. அவளுக்காக, நிறுத்தமே இல்லாத வளைவில் டிரைவர் தினமும் பஸ்ஸை நிறுத்துவார். அதைப் போன வாரம் பத்திரிகையில் உருகி எழுதியிருந்தேன்.

கண்டக்டர் பக்கத்தில் வந்தார். "நல்லா எழுதியிருந்தீங்க சார். டிரைவரண்ணனையும் என்னையும் ஆபீசுக்கே கூப்புட்டாங்க."

"பாராட்டுனாங்களா?"

"சத்தமாப் படிக்கச் சொன்னாங்க. வளைவு வர்ற எடத்த மட்டும் ரெண்டு தடவைங்க."

வளைவு வந்தது. செல்வி கை காட்டினாள். டிரைவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். அவள் முகம் என் ஜன்னலுக்கு நேராக வந்து பின்னால் போனது.

அடுத்த பஸ் எட்டே முக்காலுக்கு.