நிறுத்தி வாசிக்கிறேன்

சென்னை,
மார்ச் 1987

அன்புள்ள ராமுத்தாய்க்கு,

திங்கள் முதல் டி.வி.யில் காலைச் செய்தி வாசிக்கப்போவது நான்தான். ஹாக்கி, கபடி என்று பத்து வருடம் வாய் ஓயாமல் வர்ணனை செய்தது போதும்.

ஒத்திகையில் புரொடியூசர், "ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி மூச்சு விடுங்க சார்" என்றார். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டேன். என்னைப்போல் நிறுத்த இங்கே ஆளில்லை.

தை மாதம் நீ பெட்டியைத் தூக்கியபோது, "வீட்டுலயும் கமென்ட்ரிதான் ஓட்டுறீக. நான் எங்கிட்டுப் பேச?" என்றாய். அதற்கும் பஸ் கிளம்பும்வரை நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை காமயகவுண்டன்பட்டியில், உன் அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் இருப்பேன். "நல்லா இருக்கியா" என்று கேட்டு நிறுத்திவிடுவேன். நீ பேசி முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டேன்.

திங்கள் செய்தியை வேறு யாராவது வாசித்தாலும் சரி.

உன் வீட்டுக்காரன்