தலையணையில் கங்காணி

மே 3, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியெல்லாம் மழை. நனைந்த சப்பாத்தைக் கழற்றுவதற்குள் வத்தளையிலிருந்து சித்தியின் வீடியோ கோல். அவர் மகன் சுகந்தனுக்கு ஜூன் பதினாலாம் திகதி முதல் நன்மையாம், முதன்முறை நற்கருணை வாங்குகிறானாம். எல்லாரும் வர வேண்டுமாம். பிறகு சுகந்தன் போனைப் பிடுங்கி, எப்போதும் போல, "பெரியம்மா, கங்காணியைக் காட்டுங்க" என்றான்.

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "தூங்குதுடா" என்றார்.

கங்காணி அவனுடைய நாய். கொழுந்தெடுக்கும் பெண்களுக்குப் பின்னாலேயே தேயிலை மலைக்குப் போய், மேட்டில் உட்கார்ந்து, வேலை வாங்கும் கங்காணி மாதிரி எல்லாரையும் கண்காணிக்கும். அதனால் அப்பா வைத்த பெயர். போன வருஷ மண்சரிவில் சித்தி இருந்த லயத்து வீடு போய்விட்டது. அவர்கள் வத்தளையில் ஒரு அறை எடுத்தார்கள். வீட்டுக்காரர் நாய் ஆகாது என்றுவிட்டார். "பாத்துக்கங்கக்கா" என்று சுகந்தன் கயிற்றை என் கையில்தான் கொடுத்தான்.

பெப்ரவரியில் அதைச் சிறுத்தைப் புலி கொண்டுபோய்விட்டது. ஏழாம் நம்பர் மலையில் கழுத்துப்பட்டி மட்டும் அப்பாவுக்குக் கிடைத்தது. தங்கச்சி ஏஞ்சலாவுக்கு ஆறு வயது. கங்காணி கீழ் டிவிசன் நாய்களோடு போயிருக்கிறது, வரும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறோம். சுகந்தனிடம் தூங்குகிறது என்கிறோம்.

எவ்வளவு நாளைக்குத் தூங்கும்?

மே 5

ஏஞ்சலா பள்ளிக்கூடத்தில் கங்காணியை வரைந்து கொண்டுவந்திருக்கிறாள். பக்கவாட்டில் நின்றாலும் இரண்டு கண்களும் தெரிகின்றன. ஒரு காது பெரிது, மற்றது பாதி (அது உண்மைதான்). வால் உடம்பை விட நீளம். வாய் பெரிதாகத் திறந்திருக்கிறது. பின்னால் தேயிலைச் செடிகள், அவற்றுக்குள் இரண்டு மஞ்சள் வட்டங்கள்.

உடனே எனக்கு யோசனை வந்துவிட்டது. இதை அப்படியே ஒரு தலையணை உறையில் தைத்து சுகந்தனுக்குக் கொடுக்கலாம். கடையில் வாங்கும் எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது.

அம்மாவுக்கும் பிடித்தது. "நாய் நல்லா இருக்குன்னு நெனைச்சுக்கும் புள்ள" என்றார். அது மட்டும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மே 9

கார்பன் தாள் வைத்துப் படத்தைத் துணியில் பதித்தேன். மனையியல் டீச்சர் சங்கிலித் தையல் போடச் சொன்னார். மஞ்சள் பூ வட்டங்களை விட்டுவிட்டேன். தேயிலை வெள்ளையாகத்தான் பூக்கும். தவறான தாவரவியலைத் தைப்பானேன்?

மே 12

பாதிக் காது முடிந்தது. என் விரல்தான் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது.

மே 17

ஏஞ்சலா இன்று துணியைப் பார்த்துவிட்டு, "கண்ணு எங்க?" என்றாள்.

இரண்டு கண்ணையும் தைத்திருக்கிறேனே என்று காட்டினேன்.

"அது கங்காணி கண்ணு. செடிக்குள்ள இருந்த கண்ணு எங்க?"

அவள் தையலைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "அது இல்லாட்டி கங்காணி எதப் பாத்துக் குலைக்குது?"

பூ இல்லை. பூவே இல்லை. நான் என்ன படித்து என்ன.

மெல்ல மெல்லக் கேட்டேன். அன்று பொழுது சாயும்போது பீலித் தண்ணீரில் கால் கழுவப் போனாளாம். செடிக்குள் இரண்டு கண்கள். கங்காணி ஓடிவந்து அவளுக்கு முன்னால் நின்று குலைத்ததாம். இவள் வீட்டுக்குள் ஓடிவந்துவிட்டாளாம்.

ஏன்டி எங்ககிட்ட சொல்லல என்றேன்.

"நீங்க எல்லாரும் வரும் வரும்னு சொன்னீங்கல்ல. அழுவீங்கன்னு பேசாம இருந்தேன்."

மூன்று மாதமாக ஒரு ஆறு வயசுப் பிள்ளை எங்களுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது.

மே 18

அம்மாவிடம் சொன்னேன். ஏஞ்சலாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய கால் இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆனால் அந்தக் கண்களைத் தைக்கக் கூடாது என்கிறார். விசேஷ நாளில் பிள்ளையை அழ வைக்க வேண்டுமா, நாயை மட்டும் கொடு என்கிறார்.

அம்மா சொல்வதும் சரிதானே? ஆனால் கயிற்றை என் கையில்தானே கொடுத்தான்.

மே 30

நோர்வூட்டுக்குப் போனபோது மஞ்சள் நூல் வாங்கினேன். இன்னும் தைக்கவில்லை. வாங்கி மட்டும் வைத்திருக்கிறேன்.

ஜூன் 6

தைத்துவிட்டேன்.

அம்மா காலைப் பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போய் வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் பார்த்தார். பிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். தொங்கிக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்தார். "நான் சொல்ல மாட்டேன். அவன்கிட்ட நீதான் சொல்லணும்" என்றார்.

ஜூன் 14, வத்தளை

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லவேண்டியதைக் கோர்த்துக்கொண்டே வந்தேன். நல்ல வசனங்கள். சுகந்தன் வெள்ளைச் சட்டையோடு பார்சலைப் பிரித்ததும் ஒன்றும் நினைவில் இல்லை.

முதலில் சிரித்தான். பாதிக் காதைத் தொட்டான். பிறகு விரல் மஞ்சள் கண்களுக்குப் போய் அங்கேயே நின்றது.

"புலியாக்கா?"

தலையை மட்டும் ஆட்டினேன். ஏஞ்சலாதான் பேசினாள்: "என் முன்னாடி வந்து நின்னுச்சு. ரொம்ப சத்தமா குலைச்சுச்சு."

அவன் என் அம்மாவைப் பார்த்தான். "தூங்குதுன்னு சொன்னப்பவே தெரியும் பெரியம்மா. கங்காணி பகல்ல தூங்காதே."

அம்மா அவனைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். தனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அழுதான். புதுச் சட்டை நனைந்தது. சித்தி சட்டையைப் பார்த்தார், பிறகு அவன் தலையைக் கோதினார்.

ஜூன் 21, ஞாயிறு

சித்தியின் கோல். தலையணையில் தலை வைக்கவே மாட்டேன் என்கிறானாம். ஜன்னலைப் பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறானாம்.

இந்த முறை அவன் பெரியம்மாவைக் கூப்பிடவில்லை. ஏஞ்சலாவைக் கேட்டான்.

"இன்னொன்னு வரைஞ்சு தாறியா? தூங்குற மாதிரி."

அவள் இப்போது தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருக்கிறாள். கண்களை மூடியாகிவிட்டது. வால் இந்த முறையும் நீளம். தாளை விட்டு வெளியே போகிறது. தைக்கும்போது அதை ஒரு இழைகூடக் குறைக்க மாட்டேன்.