உட்காராத கிழவர்

நீ சிமெண்டுப் பைக் காகிதத்தில் அட்டை போட்ட புத்தகத்தை இன்று எடுத்தேன். உன் வெல்டிங் கையின் கரி அட்டையில் இன்னும் இருக்கிறது. சவூதியில், ஜுபைல் கேம்பின் இந்த அறையில் உன்னைப் பற்றிப் பேச இப்போது நான் ஒருவன்தான்.

ஊருக்குப் போன என்ஜினியர் ஒருவர் கழித்துப் போட்ட ஆங்கிலப் புத்தகம். நூற்றைம்பது ஆண்டுக்கும் முந்தைய அமெரிக்கச் சட்டசபை உறுப்பினர் ஒருவரின் வாழ்க்கை. ஜனாதிபதியாக இருந்து தோற்று, பிறகு சாதாரண உறுப்பினராகச் சபைக்கு வந்தவர். அடிமைகளுக்காக வரும் மனுக்களைக் காதில் வாங்குவதில்லை என்று சபை விதி போட்டிருந்தது. அவர் மனுவோடு எழுந்துகொண்டே இருந்தார். மெஸ்ஸில் நம் அறையின் சமையல் முறை வரும் வெள்ளிகளில், வெங்காயம் உரித்தபடி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாய்.

"அந்தாளு எந்தக் கம்பெனி?" என்றான் நம் அறைப் பைப் ஃபிட்டர்.

"நம்ம கம்பெனியா இருந்தா மறுநாளே எக்சிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிருப்பான்" என்றாய் நீ.

நான் விடவில்லை. "கத்திக் கத்தி என்ன கிடைச்சுது அவருக்கு?"

"எல்லாரும் உக்காருன்னாவ அண்ணாச்சி. அவரு உக்காரல. அவ்வளவுதான் கதை."

முடிவை நம் அடுத்த சமையல் முறையில் சொல்வதாக இருந்தாய். அதற்கு முந்தைய வெள்ளி உனக்கு நெஞ்சு வலித்தது. டிரைவர்களுக்கு லீவு; கேம்பில் ஒரு வண்டி இல்லை. ரோட்டுக்கு ஓடியவர்கள் டாக்சி பிடித்து வருவதற்குள் என் மடியில் அடங்கிவிட்டாய்.

அதிலிருந்து, கேம்ப் பாஸ் மெஸ்ஸுக்கு வரும் ஒவ்வொரு வெள்ளியும் எழுந்து நிற்கிறேன். லீவு நாளிலும் ஒரு வண்டி கேம்பில் நிற்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. "காடி மாஃபி, சாச்சா. பைட்டோ" என்பான்; வண்டி இல்லை, உட்கார் என்று. உன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். "அண்ணாச்சி, சோறு ஆறுதுல்லா" என்று சிரிக்கிறான் பைப் ஃபிட்டர். அவனுக்கு விசா புதுப்பிக்க வேண்டும். நான் இதை மறக்கப்போவதில்லை, மன்னிக்கப்போவதுமில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மிச்சப் பக்கங்களை அகராதி வைத்து நானே படித்து முடித்தேன். அந்த விதியைச் சபை கடைசியில் எடுத்துவிட்டது. அடிமைத்தனம் ஒழிந்ததைப் பார்க்க அவர் இல்லை. சபையில் தன் இருக்கையிலேயே சாய்ந்து, அந்தக் கட்டடத்திலேயே உயிர் விட்டார். நீ ஏன் முடிவைத் தள்ளிப்போட்டாய் என்று புரிந்தது.

இன்று வெள்ளி. பருப்பு தாளிக்கும் வாசனை வருகிறது. கேம்ப் பாஸின் கார் கேட்டில் வந்து நிற்கிறது. புத்தகத்தை உன் கட்டிலில் வைத்துவிட்டுப் போகிறேன். தட்டு வாங்கமாட்டேன். கையில் தட்டு இருந்தால் உட்காரத் தோன்றும்.