நிமிர்த்தி வைத்த பானை

ஹார்லன் தோட்டம், ஜார்ஜியா
1868 ஏப்ரல் 12

அன்புள்ள தாமர் அக்காவுக்கு,

தங்கை வைனி எழுதுவது. நானும் ஏப்ராமும் பசியில்லாமல் இருக்கிறோம். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, நீயும் போன வருஷம்தான் எழுதப் பழகினாய்.

ஞாயிறு ஜெபம் இப்போது எங்கள் குடிசையில் நடக்கிறது. பழைய பழக்கத்தில் நான் இரும்புப் பானையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டேன். நாம் பாடும் சத்தத்தைப் பானை விழுங்கிக்கொள்ளும், எஜமான் காதுக்குப் போகாது என்று அம்மா வைப்பாளே, அது மாதிரி. ஏப்ராம் பார்த்துவிட்டார்.

"ஏண்டி, விடுதலை வந்து மூணு வருஷமாச்சு, இன்னும் பானைக்குத்தான் பாடப் போறியா? நிமித்திக் காராமணி வேக வை. கேக்கிறவன் இனாமா கேட்டுட்டுப் போகட்டும்."

அவர் குரல் உனக்குத் தெரியும். பாட ஆரம்பித்ததும் நாய் எழுந்து போய்விட்டது. அந்தப் பானையில்தான் எல்லாருக்கும் சமைத்தேன்.

நீ எப்போது வருவாய்? சம்பளத்துக்குச் சமைக்கிறவளுக்கு ஒரு நாள் லீவு கூடவா கிடையாது?

உன் வைனி

---

1868 ஏப்ரல் 26

என் தங்கச்சி வைனிக்கு,

எஜமானியம்மாவுக்குக் கால் வீக்கம். என்னை விட்டால் யார் கையிலும் சாப்பிட மாட்டார்கள். பட்டணத்து வாழ்க்கை பரவாயில்லை, எனக்கென்று ஓர் அறை, பூட்டு வைத்த கதவு. எஜமானியம்மாவைப் பார்க்க அவர் மகன், நம் சின்ன எஜமான் வில்லிஸ், தோட்டத்திலிருந்து ஞாயிறுதோறும் சாப்பிட வருகிறார். "வைனி இன்னும் அதே குடிசையிலதான் இருக்காளா?" என்று விசாரித்தார். உன் பால் குடித்ததை மறக்கவில்லை பார்.

ஏப்ராமிடம் சொல், பாட்டைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கட்டும். பானை கவிழ்ந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

உன் அக்கா தாமர்

---

1868 மே 17

அக்கா,

ஏப்ராம் இல்லை.

போன ஞாயிறு, விளக்கு வைக்கிற நேரம். பாடிக்கொண்டிருந்தோம். முகத்தில் மாவுச் சாக்கு மாட்டிக்கொண்டு குதிரைகளில் வந்தார்கள். பள்ளிக்கூடம் கட்ட ஏப்ராம் கொட்டகையில் அடுக்கியிருந்த பலகைகளுக்குத் தீ வைத்தார்கள். அவரை முற்றத்துக்கு இழுத்துப் போனார்கள். மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு முறை என் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் எழுதியாக வேண்டும். போகும்போது அவர்களில் ஒருவன் வாசலில் நின்றான். பானையைக் காலால் தட்டினான். "கவுத்து வைக்க மறந்துட்டியா, வைனி?" என்றான்.

குரலை மாற்றித்தான் பேசினான். ஆனால் பானை விஷயம் எந்த வெள்ளைக்காரனுக்கும் தெரியாது, அக்கா. ஒரே ஒருத்தனுக்குத் தெரியும். ஆறு வயதில் நம் குடிசைக்கு வந்து, பானை ஏன் கவிழ்ந்திருக்கிறது என்று கேட்டான். நான் சொன்னேன். யாரிடமும் சொல்லாதே ராசா என்றேன். போன ஞாயிறு வரை அவன் சொல்லவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாய்.

ராணுவ ஆபீசரிடம் போனேன். "நீ சொல்றது மட்டும் போதாது. அவனுக்கு அது தெரியும்னு இன்னொருத்தர் வந்து சொல்லணும்" என்கிறார். நீ வா. வேறெதுவும் சொல்ல வேண்டாம், அன்றைக்குக் கேட்டதைச் சொல், போதும்.

வைனி

---

1868 மே 24

வைனிக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து கண் மூடவில்லை. ஏப்ராமை நினைத்து அழாத நேரம் இல்லை.

ஆனால் நீ நினைக்கிறது தப்பு. பானை வைப்பது ஊருக்கே தெரிந்திருக்கும். இன்றைக்கும் சின்ன எஜமான் இங்கே சாப்பிட்டார். நான்தான் பரிமாறினேன். தட்டு கை தவறி உடைந்தது. "என்ன தாமர், உடம்பு சரியில்லையா?" என்று அவரே பொறுக்கிக் கொடுத்தார். அப்படிப்பட்டவரா?

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. நீ அவரிடம் சொன்னது, அவர் அந்தப் பானைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு "இப்ப நான் பேசினா கேக்குமா?" என்றது, எதுவும் ஞாபகம் இல்லை. இருபது வருஷம் ஆகப்போகிறது.

என் அறையை நினைத்துப் பார். இந்த வயதில் எங்கே போவேன்? அவர் பெயரை எனக்கு எழுதிவிடாதே.

தாமர்

---

1868 ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அவன் பானைமேல் உட்கார்ந்து காலை ஆட்டியதை நான் உனக்கு எழுதவே இல்லை.

எனக்கே மறந்துபோயிருந்தது. நீ சொன்ன பிறகு அந்தச் சின்னக் கால் கண்ணில் வந்தது. ஒரு செருப்பு கழன்று விழுந்தது, நான்தான் எடுத்து மாட்டிவிட்டேன்.

உன் கடிதத்தை ஆபீசரிடம் காட்டலாம் என்று எனக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிற டீச்சரம்மா சொன்னாள். காட்டவில்லை. உன் அறை உனக்கு இருக்கட்டும். நான் தனியாகவே போனேன், அவன் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். அவனும் அங்கே நின்றான். "பாவம், புருஷன் போன துக்கத்துல புத்தி பிசகிடுச்சு" என்று ஆபீசரிடம் சொன்னான். அவனை விட்டுவிட்டார்கள். நேற்றும் இந்த வழியாகத்தான் குதிரையில் போனான்.

இன்று ஜெபத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். யாரோ பயந்து பானையை வாசலில் கவிழ்த்திருந்தார்கள். நான் யாரையும் திட்டவில்லை. எடுத்துக் கழுவி, நிமிர்த்தி அடுப்பில் வைத்தேன். ஏப்ராம் பாடுகிற இடம் வந்தபோது யாரும் பாடவில்லை. அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போனோம்.

இனி உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் அவன் பெயர் வந்துவிடும்.

காராமணி வெந்துவிட்டது. பழக்கத்தில் உனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

வைனி