தாய்மாமன் இடம், பாதி விலை

ஜூலை 22, செவ்வாய்

ஆடி பிறந்து ஆறு நாள். இன்று கடைக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தர் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டார். ஒருத்தர் ராசிபுரம் பஸ் போயிடுச்சா என்று கேட்டார். மூன்றாவது ஆள் ஃபிளெக்ஸ் கடை சின்னராஜ்.

புதுச்சத்திரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கோழிப்பண்ணை. சோற்றுத் தட்டில் பொரியலைவிட ஈ அதிகம். இப்படிப்பட்ட ஊரில் ஜன்னலுக்குக் கொசுவலை, ஈ வலை அடித்துக் கொடுக்கும் கடையை வைத்துக்கொண்டு நான் ஈ ஓட்டுகிறேன். தலையெழுத்து.

சின்னராஜ் வந்ததே விளம்பரம் விற்கத்தான். "பஸ் ஸ்டாப் போர்டுல ஒரு எடம் காலியா இருக்குதுங்ணா. பாதி விலைக்குத் தாரேன்."

பண்ணைக்காரர் ரமேஷ்குமார் மகனுக்கு ஆவணியில் காதுகுத்து. இருபதடி போர்டு. நடுவில் குழந்தை, சுற்றி வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்கள். அதில் தாய்மாமன் மட்டும் கோபித்துக்கொண்டு போட்டோ தரமாட்டேன் என்றுவிட்டாராம். வட்டத்தை எடுத்தால் போர்டே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி தெரிகிறது. யாருக்காவது விளம்பரத்துக்குக் கொடுத்து எங்கள் செலவில் கழித்துக்கொள் என்று வீட்டுக்காரர்களே சொல்லிவிட்டார்கள்.

"மாமன் எதுக்குக் கோவிச்சுக்கிட்டாரு?"

"அவரு வட்டம் சித்தப்பா வட்டத்தவிட ரெண்டு இஞ்ச் சிறுசுங்ணா."

சிரித்தேன். இதுக்கெல்லாமா ஒருத்தன் அக்கா பிள்ளையை விட்டுக்கொடுப்பான்?

நான் சிரித்திருக்கக் கூடாது. எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஜூலை 24, வியாழன்

வலையின் படம் மட்டும் போதும் என்றேன். சின்னராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "மத்த வட்டத்துல பூராம் மூஞ்சி இருக்குது. ஒரு வட்டத்துல மட்டும் சல்லடையாட்டம் இருந்தா நல்லாருக்காதுங்ணா. உங்க போட்டோவக் குடுங்க. கீழ கடைப் பேரும் நம்பரும் போட்டுக்கலாம்."

பட்டுச் சட்டையோடு என்னிடம் இருப்பது ஒரே போட்டோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி சத்யபிரியாவின் புதுமனை புகுவிழா போர்டுக்காக ஸ்டுடியோவில் எடுத்தது. அந்த போர்டில் அது வரவில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. என் மனைவி பூங்கொடியைக் கூட்டிக்கொண்டு மோகனூர் ஆற்றுக்குப் போய் வந்தேன். நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். ஐந்து வயசு இருக்கும், ஒரு பெண் குழந்தை ஜிமிக்கி ஆட ஆட ஓடியது. பூங்கொடி அதையே பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

சரி, எழுதியே தொலைக்கிறேன். ஆட்டையாம்பட்டியில் சத்யா கட்டிய வீட்டின் புதுமனை அழைப்பிதழில் என் பெயர் ஏழாவது வரியில் இருந்தது. கூடப் பிறந்த அண்ணன், அவள் பிள்ளைக்கு ஒரே தாய்மாமன் – மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக்காரருக்குக் கீழே! முதல் வரியில் வரவேண்டிய பெயர். "அச்சாபீஸ்காரன் மாத்திப்புட்டான்ணா, நீ வாண்ணா" என்றாள். வரிசையைத் திருத்தி அடித்து எடுத்துக்கொண்டு வா, வருகிறேன் என்றேன். "நீ வராட்டிப் போ. என்ற பிள்ளைக்குக் காதே குத்தலே" என்று போனை வைத்தாள்.

வைராக்கியக்காரி. குத்தவே இல்லை. மாமன் மடியில்லாமல் எப்படிக் குத்துவாள்? கனிஷ்காவுக்கு இப்போது ஐந்து வயசு. ஒற்றைப்படை வயசில்தான் குத்தவேண்டும். சித்திரை வந்தால் ஆறு, அப்புறம் ஏழு வரைக்கும் காத்திருக்கவேண்டும். வெறும் காதோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை 'நீ பையனா?' என்று மற்ற பிள்ளைகள் கேட்கிறார்களாம். பூங்கொடி சொன்னாள். அவள் சத்யாவோடு போனில் பேசுவது எனக்குத் தெரியாது என்று அவளுக்கு நினைப்பு.

நான் ஒரு போன் போட்டால் முடிந்துவிடும். அவள் ஒரு போன் போட்டாலும் முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

போர்டு ஏறிவிட்டது. பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

என் முகம் பூசணிக்காய் அளவு. தலைக்கு மேலே தங்க எழுத்தில்: 'சீர் சுமந்து வரும் பாசமிகு தாய்மாமன்'. வட்டத்துக்குக் கீழே, எறும்பு படிக்கிற அளவில்: 'கொசுவலை, ஈ வலை – அளவெடுத்துப் பொருத்தித் தரப்படும்'. அப்புறம் என் போன் நம்பர்.

சின்னராஜைப் பிடித்தேன். "அது டிசைனோடயே வந்ததுங்ணா. கவனிக்கலீங். கவலைப்படாதீங்க, வேற துட்டு கேக்க மாட்டேன்."

துட்டா இப்போது பிரச்சினை?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பதினொரு போன். வலை கேட்டு ஒன்றும் இல்லை. எல்லாம் 'மாமா, சீரு எத்தனை தட்டுங்க?'

ஆகஸ்ட் 21, வியாழன்

ரமேஷ்குமாரும் அவர் மனைவி சௌந்தர்யாவும் கடைக்கு வந்தார்கள். சண்டைக்கு வருகிறார்கள், தெருவில் வேண்டாம் என்று நினைத்து நாற்காலியை எடுத்து உள்ளே போட்டேன். உட்கார்ந்ததும் அந்தப் பெண் சொன்னாள்: "நீங்களே வந்து மடியில உக்கார வெச்சுக்கோணும்ங்ணா."

எனக்குப் புரியவில்லை.

"போர்டுல உங்க மூஞ்சி இருக்குது. அன்னிக்கு வேற ஒருத்தரு மடியில பையன் உக்காந்தா ஊரே கேக்குமுங்களே, இது யாரு, அது யாருன்னு?"

"என்னை எடுத்துட்டு வேற போர்டு வெச்சுக்கலாமேங்க."

ரமேஷ்குமார் தொண்டையைச் செருமினார். "கேட்டமுங்க. சின்னராஜு முழு விலை சொல்றானுங்க."

போர்டை மாற்றுவதைவிட மாமனை மாற்றுவது மலிவு. கணக்கு சரிதான். சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "தம்பி தமிழரசு வரமாட்டேங்கறானுங்ணா. மொட்டை அடிச்சுட்டு யாரு மடியில வெக்கறது? தூண் மேல சாச்சு வெக்கறதுங்களா?"

சரி என்றேன். வீட்டுக்கெல்லாம் ஈ வலை போட ஆர்டர் தருவார்கள், அதனால்தான் என்று பூங்கொடியிடம் சொன்னேன். பொய். போனில் பதினொரு பேர் மாமா என்று கூப்பிட்டது காதுக்கு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீட்டில் சாப்பாடு இல்லை. இருந்தது, போடவில்லை.

"சொந்தத் தங்கச்சி பிள்ளைக்கு மடி கிடையாது. போர்டுல வந்த பிள்ளைக்கு மடி இருக்குதுங்களா?"

அது வியாபாரம் என்றேன். "அப்ப கனிஷ்காகிட்டயும் வலைக்கு ஆர்டர் கேளுங்க" என்றாள். வெளியே போய் பரோட்டா தின்றேன். அங்கேயும் பரோட்டா மாஸ்டர், "மாமா, சீரு எப்பங்க?"

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. காலையில் கொழுக்கட்டை வாயில் இருக்கும்போது தமிழரசு போன். அந்தக் கோபக்கார மாமன்தான். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறாராம்.

"என்ற எடத்துல நிக்கறதுக்கு நீங்க யாருங்க?"

"பாதி விலைக்கு வந்துச்சுங்க."

"கையக் கால ஒடச்சுப்போடுவனுங்க."

"வாங்க. கடை பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்பலதானுங்க."

இரண்டு பேரும் மரியாதை குறையாமல் கால் மணி நேரம் திட்டிக்கொண்டோம். கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏப்பா, ரெண்டு இஞ்சுக்காக ஒருத்தன் அக்காவ அழ வெப்பானா?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கென்னங்க தெரியும், அந்த வலி?"

எனக்கா தெரியாது? ஏழாவது வரிங்க என்றேன். முழுக்கச் சொன்னேன். முன்பின் தெரியாதவனிடம், கொழுக்கட்டை கையில் பிசுபிசுக்க, எல்லாத்தையும் சொல்லிவிட்டேன். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "இப்ப அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியாச்சுங்களா?"

இல்லை என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போனேன். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. ஐந்து தட்டுச் சீர். அதில் ஒரு தட்டில் குழந்தைக்குக் குடை மாதிரி விரிகிற கொசுவலை. கையில் இருந்த சரக்கு.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, குழந்தை ஆதிரனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். ஒரு வயசு. யார் என்ன என்று கேட்காமல் என் மீசையைப் பிடித்துக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்தார். அவன் என் வேட்டியை நனைத்தான். சுடச்சுட. 'மாமனுக்கு ஆசீர்வாதமுங்க' என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். இந்த வேட்டி நனையவேண்டியது வேறு பிள்ளையால். அது பிறந்து வளர்ந்து எல்.கே.ஜி. முடித்து யு.கே.ஜி.க்கே போய்விட்டது. என்ன மசுருக்கு நான் இங்க உக்காந்திருக்கேன்?

அப்போது வெளியே லாரி ஹாரன். மண்டபமே அதிர்ந்தது. தமிழரசு, ரிக் வண்டியிலேயே வந்திருந்தார். முன்னால் மேளம், பின்னால் இருபத்தொரு தட்டு. நேரே வந்து என் முன்னால் நின்றார். கையைக் காலை உடைப்பார் என்று நினைத்தேன். குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"எந்திரிங்க. அது என்ற எடம்."

கொடுத்தேன். குழந்தை என் மீசையை விடவில்லை. பிரித்து எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். சௌந்தர்யா தம்பி தோளில் சாய்ந்து அழுதாள். நான் ஈர வேட்டியோடு ஓரமாக நின்று பார்த்தேன்.

சாப்பாட்டுப் பந்தியில் தமிழரசு என் பக்கத்து இலை. "போர்டுல எடம் காலியா இருந்தவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியலீங். உங்க மூஞ்சியப் பாத்த அன்னிலிருந்து சோறு எறங்கலீங்க" என்றார். அப்புறம், "அந்தப் பிள்ளை பேரு என்னங்க?"

கனிஷ்கா என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

விளம்பரத்தால் வந்த மொத்த ஆர்டர்: ஒன்று. தமிழரசு வீடு, ஆறு ஜன்னல்.

செப்டம்பர் 10, புதன்

சத்யா நாமக்கல் போகும்போது பஸ்ஸிலிருந்து போர்டைப் பார்த்திருக்கிறாள். விழா முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, சின்னராஜ் இன்னும் கழற்றவில்லை. பூங்கொடியிடம் கேட்டாளாம்: "அது என்ற போர்டுக்கு எடுத்த போட்டோதானுங்க அண்ணி?"

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன்."

"அதுக்கு?"

"போன வெச்சிருச்சு."

திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 11, வியாழன்

போனை எடுத்தேன். நம்பரைப் பார்த்தேன். என்ன சொல்வது? வலைக்கு விளம்பரம் என்றா? வைத்துவிட்டேன். நாற்பத்துநாலு வயசு எருமை.

செப்டம்பர் 22, திங்கள்

சின்னராஜ் காலையில் போன் செய்தான். "ண்ணா, புரட்டாசித் தள்ளுபடி ஓடுது. ஐப்பசியில ஒரு காதுகுத்து போர்டு. மறுக்கா தாய்மாமன் எடந்தான் காலிங்ணா. வாரீங்களா?"

இனி ஜென்மத்துக்கும் வேண்டாம் என்றேன்.

"ஆட்டையாம்பட்டி பார்ட்டிங்ணா."

கடையைப் பூட்டினேனா என்பதுகூட நினைவில்லை. போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டரில் போர்டு திறந்திருந்தது. நடுவில் கனிஷ்கா. ரெட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை, வெறும் காது. சுற்றி மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் எல்லோரும். மேலே ஒரு வட்டம் காலி.

"அந்தம்மா வந்து டிசைன் குடுத்துட்டுப் போச்சுங்ணா. 'மாமன் எடத்த அந்தக் கொசுவலைக்காரர்கிட்டக் கேளுங்க. எடம் காலியா இருந்தா வாங்கறவருதானே? தள்ளுபடி கேட்டாருன்னாக் குடுத்துருங்க. வேண்டாமுன்னாருன்னா அப்படியே காலியா இருக்கட்டும், வேற எவனுக்கும் வித்துப்போடாதீங்க'ன்னு சொல்லுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சவங்களாங்ணா?"

என் வாயில் முதலில் வந்தது இதுதான். வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்: "இந்த வட்டம் மத்த வட்டத்தவிடப் பெருசா, சிறுசா?"

"எல்லாத்தயும் விடப் பெருசுங்ணா. அந்தம்மா பக்கத்துல உக்காந்து அளந்து பாத்துட்டுத்தான் போச்சு."

முழு விலையும் கொடுத்தேன். போட்டோ அவனிடமே இருக்கிறது. கீழே கடைப் பேரும் நம்பரும் பழையபடி போட்டுவிடட்டுமா என்றான். ஒன்றும் வேண்டாம், போட்டோ மட்டும் என்றேன். மேலே உள்ள தங்க எழுத்து? அது இருக்கட்டும் என்றேன்.

வரும் வழியில், ஆதிரன் நனைத்ததிலிருந்து சுருட்டி வைத்திருந்த பட்டு வேட்டியைச் சலவைக்குப் போட்டேன். கறை போக நாளாகும், என்னங்க அவசரம் என்றார் கடைக்காரர்.

தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து என்றேன்.